அக்கா ஏறாத விமானம்

எங்கள் அக்கா கும்பகோணத்தில் பிறந்தார். அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் கைக்குழந்தையாகவே கொல்கத்தா வந்துவிட்டார். அப்பா சீக்கிரமே தவறிவிட, அக்கா வங்கி வேலைக்குப் போய் என்னைப் படிக்கவைத்தார். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சென்னையில் வேலையானதும், டாலிகஞ்ச் பிளாட்டில் தனியாக இருந்தார்.

ஒரு புயலில் அவர் தெரு மரங்களெல்லாம் சாய்ந்தன. கடல் சூடேறுவதால்தான் புயல் இப்படி வலுக்கிறது என்று எங்கோ படித்தவர், அதில் தம் பங்கு என்ன என்று யோசிக்க ஆரம்பித்தார். ஏசியை நிறுத்தினார். மார்க்கெட்டுக்குத் துணிப்பை, தயிருக்குத் தூக்கு. உறவுக்காரர்கள் கஞ்சம் என்றார்கள். வாசலுக்கு வரும் கூரியர்காரருக்கெல்லாம் மோர் கொடுத்தவரையா கஞ்சம் என்பது!

கடைசியில் விமானத்தையும் விட்டார்.

"நீ ஏறலேன்னா பிளேன் பறக்காதா அக்கா?" என்று கேலி செய்தேன்.

"தாராளமா பறக்கட்டும். என் கணக்குல பறக்க வேண்டாம்."

அதன்பின் ஹவுராவிலிருந்து ரயிலில்தான் எங்களைப் பார்க்க வருவார். முழங்கால் தேய்ந்ததும் அதுவும் நின்றது. என் பெண்ணின் கல்யாணத்தை போனில் பார்த்தார். எனக்கு மகா கோபம். பூமிக்காக இவ்வளவு கவலைப்படுகிறவருக்கு எங்கள் ஞாபகம் இல்லையா என்று பொருமினேன். ஒருநாள் போனில், "சாயங்காலம் ஆனா வீடு ரொம்பப் பெரிசா இருக்குடா" என்றார். அந்தப் பிடிவாதம் அவருக்குச் சுலபமாக இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

எதிர் பிளாட் வங்காளிப் பெண்மணி கூப்பிட்டு, அக்காவுக்கு உடம்பு மோசம் என்றதும் அடுத்த விமானத்தைப் பிடித்தேன்.

"எதுல வந்தே?"

"பிளேன்ல."

திட்டுவார் என்று நினைத்தேன்.

"நல்லதாப் போச்சு. ரயில்னா என்னால காத்திண்டிருக்க முடியாதுடா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலமானார்.

ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர்களுக்கும், தகனம்வரை உடனிருந்த வங்கி நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எதிர் பிளாட் அம்மாளுக்கு வாயால் நன்றி சொல்லி மாளாது. போன மாதம் அக்காவின் பிளாட்டில் முதல் வருஷக் காரியம் செய்தபோது, இன்று என்ன விசேஷம் என்று அவர் வங்காள மொழியில் கேட்டார். வாய் தவறித் தமிழிலேயே "திதி" என்றேன். வங்காளத்தில் அக்காவைத் திதி என்பார்கள். அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

"ஆமாரோ திதி," எனக்கும் அக்காதான், என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்காவுக்கு உலகத்தில் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.