மூன்றாம் ஓலைக்கு எழுந்து நின்றவன்

சமையலறை அலமாரியைத் துடைக்கும்போது மல்லித்தூள் டப்பாவுக்கு அடியில் வழவழப்பான தாள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்து எடுத்தேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம், இரண்டிலும் நடுவில் பிளாஸ்டிக் ரோஜாக்கள் கட்டிய மேடை. பழைய பளபளப்புத் தாளுக்கு ஒரு வாடை உண்டு. மல்லி சேர்ந்ததும் அதற்குக் கொஞ்சம் கௌரவம் வந்திருந்தது. படத்தை எடுத்தவன் நான். கீழே உள்ள வாசகமும் என்னுடையதுதான். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் கல்யாணத்தை ஏறக்குறைய நிறுத்தியிருக்கிறேன்.

அப்போது கேரள எல்லையைத் தாண்டி உதியன்குளங்கரையில், ரோட்டோரத்துப் பதினெட்டு அறை ஹோட்டலில் நான் மார்க்கெட்டிங் மேனேஜர். எனக்குக் கீழே யாரும் இல்லை. அதற்கு முன் ஒரு பத்திரிகைக்குப் பாறசாலை வட்டாரச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் மரணச் செய்திகள். வளைகுடாவிலிருந்து திரும்பிய முதலாளி நேர்முகத் தேர்வில் ஒரே கேள்விதான் கேட்டார்: "மக்கா, சாவு எழுதினவனுக்கு கலியாணம் எழுதத் தெரியாதா?" தெரியும் என்றேன்.

அறைகளை மருந்துக் கம்பெனி ஆட்கள் தாங்களாகவே நிரப்பினார்கள். நான் விற்க வேண்டியது மாடியில் இருந்த ஹாலை. இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் அன்று விருந்தை வீட்டு முற்றத்துப் பந்தலில்தான் வைத்தார்கள். ஹால் என்பது மழைக்குப் பயந்தவர்களின் கடைசி நேர ஏற்பாடு. அந்தப் பயம் வருவதற்கு முன்பே, எந்த வீட்டில் கல்யாணம் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஓலை வாசிப்பைவிட நல்ல வழி கிடையாது. மணமக்கள் பெயர்களைப் போதகர் மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார். தடை ஏதாவது அறிந்தவர்கள் சொல்லலாம் என்பார். பிறகு கொஞ்சம் நிறுத்துவார். யாரும் எழுந்ததில்லை.

ஆகவே ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போனேன். கடைசி பெஞ்சு, வெள்ளைச் சட்டை, பாக்கெட் நோட்டு. மூன்றாம் ஓலை முடியாமல் எந்த வீட்டுப் படியும் ஏறக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். முதல் ஓலையோடு ஹால் பிடித்த ஒரு கல்யாணம் இரண்டாம் ஓலையோடு நின்றுபோயிருந்தது. அதனால் ஒரே சபைக்கு மூன்று வாரமும் போவேன். சில போதகர்கள் என் பக்தியைப் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை.

குன்னத்துகால் பக்கத்துச் சபை ஒன்றில் ஷைனி என்ற பெண்ணுக்கு ஓலை. நர்ஸ். அப்பா பனச்சமூட்டில் ரப்பர் ஷீட் வியாபாரம். மாப்பிள்ளை மார்த்தாண்டம் பக்கம். விருந்தாளிகள் எல்லை தாண்டி பஸ்ஸில் வருவார்கள், அறைகூட எடுக்கலாம். அவள் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். ஊருக்குப் புதியவன் ஒருவன், பிரசங்கத்துக்குப் பேனாவைத் திறக்காதவன், ஒரு பெண்ணின் பெயர் வரும்போது மட்டும் எழுதுகிறான். நிருபராகவே இருந்திருந்தால் நானே அதைக் கவனித்திருப்பேன்.

மூன்றாம் ஞாயிறு மேகம் மூடியிருந்தது. நல்ல அறிகுறி. ஜன்னல் வழியே பந்தல்காரர் ஒருவர் வாசலில் சைக்கிளை நிறுத்துவது தெரிந்தது. அவருக்கு முன் பெண்ணின் அப்பாவைப் பிடித்துவிட வேண்டும் என்று எழுந்தேன். போதகர் தடையைப் பற்றிக் கேட்டுவிட்டு நிறுத்தியிருந்த நேரம் அது.

சபை முழுவதும் திரும்பியது. போதகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏதாவது சொல்லணுமோ?"

"இல்ல, வெளிய வச்சு பேசுதேன்" என்றேன். அதைவிட மோசமான பதிலை இன்றுவரை என்னால் யோசிக்க முடியவில்லை.

வாசலில் ஷைனியின் அண்ணன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"எலே, நீ யாருக்க ஆளு?"

"ஹோட்டல்ல..."

"எந்த ஹோட்டல்ல வச்சு?"

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். அப்பா கத்தவில்லை. "மூணு வாரமா எனக்க மகளுக்க பேர எழுதுதே. நான் பாத்துட்டுதான் இருக்கேன்" என்றார். பந்தி விஷயம் பேச மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, கைகளைப் பின்னால் கட்டி நின்றார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் அங்கேயே முடிந்தது. எல்லோருக்கும் அது தெரிந்திருந்ததால் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஷைனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு வாரமா வீட்டுல எனக்கு சோறு எறங்கல்ல. யாருடீ அவன், யாருடீ அவன் எண்ணு ஒரே கேள்வியாக்கும். ஓய், எனக்கு உம்மத் தெரியுமா? எல்லாரும் கேக்கச் சொல்லும்."

"தெரியாது."

"பின்ன என்னத்துக்கு எனக்க பேர எழுதினீரு?"

ஹாலுக்காக அடித்த இந்தப் பிரோஷரை நீட்டினேன். அவள் உரக்க வாசித்தாள். "ஐந்நூறு பேர் அமரலாம். குளிரூட்டப்பட்டது. பார்க்கிங் உண்டு. மழையிலும் மங்கலம்." கடைசி வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று கேட்க அது நன்றாக இல்லை.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெரியப்பா தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ரெண்டு பஸ்ஸு நிக்குமா?"

"மூணு நிக்கும்."

"கொள்ளாம்" என்று திருப்தியாகத் தலையசைத்தார்.

சிரிப்பு பரவியது. அண்ணன் என் காலரை நேராக்கிவிட்டான். ஷைனி மட்டும் சிரிக்கவில்லை. "இப்பம் சமாதானமா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

கல்யாண விருந்து எங்கள் ஹாலில்தான் நடந்தது. அன்று மழை பெய்யவில்லை.

ஹோட்டல் கட்டடத்தில் இப்போது டைல்ஸ் கடை. ஹாலைப் பிடித்துவிட்டுத்தான் மாப்பிள்ளை தேடுகிறார்கள் என்று இன்றும் தொழிலில் இருக்கும் நண்பர் சொல்கிறார். பாதி கிண்டல், பாதி உண்மை. போன மாதம் உறவில் ஒரு பெண்ணுக்கு மூன்றாம் ஓலை. போதகர் தடையைப் பற்றிக் கேட்ட அதே மூச்சில், கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்யும் நாளை அறிவித்தார். ஒரு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணின் பின்கழுத்தைப் பார்க்கும் அந்த நாலைந்து நொடிகள் இப்போது இல்லை. அதற்காக நான் வருந்தவில்லை. மணப்பெண் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து போனில் செருப்பு தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தக்கூட இல்லை.