ராமேஸ்வரத்தில் சொன்ன பெயர்

குவைத்தின் ஃபஹாஹீலில் என் ரூமுக்குக் கீழே இருக்கும் ரொட்டிக்கடையில் ஈர மாவின்மேல் எள் தூவும்போதெல்லாம், சிறுவயதில் நான் இடுப்பளவு இறங்கி நின்ற ராமேஸ்வரக் கடல் வந்துவிடுகிறது: குளம்போல அசையாத தண்ணீர், யார் யாரோ கழற்றிவிட்டுப்போன, என் காலைச் சுற்றிக்கொள்ளும் ஈரவேட்டிகள், உள்ளங்கையில் பிசுபிசுக்கும் கறுப்பு எள். இதே ஃபஹாஹீலில் அப்பா வேலைபார்த்த சைட்டில் தீப்பிடித்து அவர் இறந்துவிட்டார், உடல்கூட மிஞ்சவில்லை என்று தகவல் வந்ததால், மாமா எங்களைக் காரியம் செய்ய ராமேஸ்வரத்துக்குக் கூட்டிப்போயிருந்தார்.

"போனவா பேரச் சொல்லுங்கோ" என்றார் ஐயர்.

அம்மா புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். என் தோளைத் தொட்டாள். நான்தான் மூன்று முறை அப்பா பெயரைச் சொல்லி, எள்ளையும் தண்ணீரையும் கடலில் விட்டேன்.

குவைத் ஆஸ்பத்திரியில் ஆள் மாறி வேறொருவர் பெயரில் கிடந்த அப்பா, சில மாதங்கள் கழித்து வீட்டு வாசலில் வந்து நின்றார். ராமேஸ்வரம் போனதைப் பற்றி அவரிடம் யாரும் மூச்சுவிடவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் இலையைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெனவே இல்லாம கெடந்தேன்டா. ஒருநா விடியக்கால நீ மூணு தடவ என் பேரச் சொல்லிக் கூப்ட்ட. கண்ணு முழிச்சா, வாயெல்லாம் எள்ளு."