தாமாட்டேன்

கூத்தாநல்லூர் நுஸைபாவைப் போல ஒரு வாயாடியைப் பார்க்க முடியாது. மீன் விலை கேட்கப் போனால் மீன்காரர் வீட்டுக் கல்யாணம் வரை விசாரித்துவிட்டுத்தான் திரும்புவாள். புருஷன் சித்தீக் குவைத்திலிருந்து போன் போட்டால் 'உம்' கொட்டுவதோடு சரி, மிச்சமெல்லாம் இவள்தான். அப்படிப்பட்டவளின் ஒரே மகள் சுமையா, நாலு வயதாகியும் சொந்தமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

கேட்டதைத் திருப்பிச் சொல்வாள், அச்சுப் பிசகாமல். "பசிக்குதா?" என்றால் "பசிக்குதா?" என்பாள். பசி வந்தாலும் அதையே சொல்லி அழுவாள். "உம்மான்னு கூப்பிடு" என்றால் "உம்மான்னு கூப்பிடு" என்பாள். பிள்ளை தானாக ஒரு தடவை உம்மா என்று சொல்லிவிட்டால் போதும் என்று நுஸைபா தொழுகையில் அழுது கேட்டாள். "நீ ஓயாம பேசினா அது எப்ப பேசும்?" என்று மாமியார் ஒருநாள் கேட்டுவிட்டார். என்ன பேச்சு அது! பெற்றவளிடம் பேசுகிற பேச்சா? அன்றோடு வீட்டில் அவள் சத்தம் அடங்கிப் போனது.

தஞ்சாவூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் குந்தவையிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அலைந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. "போதும், விட்டுரு" என்று சித்தீக்கும் சொல்லிவிட்டான். அவளுக்கும் தெம்பு போய்விட்டது. "இனிமே வரலைம்மா" என்று குந்தவையிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். பார்த்தால் பையிலிருந்த வீட்டுச் சாவி சுமையாவின் கையில்.

"சாவியைத் தா, பஸ் போயிடும்."

"தாமாட்டேன்."

நுஸைபாவுக்கு எரிச்சல். "தாமாட்டேன் இல்லடி, தரமாட்டேன்."

"ஐயோ, திருத்தாதீங்கக்கா!" குந்தவை பதறி எழுந்தாள். "உங்க வீட்ல யாராவது தாமாட்டேன்னு சொல்வாங்களா?"

"தப்பாச்சே, யாரு சொல்லுவா?"

"டிவியில, போன்ல?"

"ம்ஹூம்."

"அப்ப யாரு சொல்லிக் கேட்டா? பார்க்கமாட்டேன், படிக்கமாட்டேன்னு ஊரே சொல்றதைக் கேட்டு, மாட்டேனை மட்டும் தனியாப் பிரிச்சு, நீங்க சொன்ன 'தா'வோட அவளே ஒட்டியிருக்கா. வெறுமனே திருப்பிச் சொல்ற பிள்ளைக்கு இந்தத் தப்பு வராதுக்கா. மனுஷப் பிள்ளை பிறக்கும்போதே இலக்கணத்தோடதான் வருதுன்னு ஒரு கட்சி. இல்லை, காதுல விழுந்து விழுந்துதான் வருதுன்னு இன்னொரு கட்சி. படிச்சவங்க இன்னும் அடிச்சுக்கிறாங்க. எது சரியோ, நீங்க பேசின பேச்சு ஒண்ணும் வீணாப் போகலை."

நுஸைபா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நாள் அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது. பஸ் போனால் போகட்டும். அந்தத் தப்பை இன்னொரு தடவை கேட்டாக வேண்டும் அவளுக்கு. கையை நீட்டினாள்.

"என் கண்ணுல்ல, தா."

சுமையா சாவியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"உம்மாக்குத் தாமாட்டேன்."