என் எண்ணிலிருந்து போன பத்திரிகை

அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் காலை, பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். வாட்ஸப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அனுப்பியவர் முன்பு எங்கள் பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியை. அவர் மகளுக்கு நாலைந்து வருடமாக வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாக அமைந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் தொட்டேன். ஏதோ ஓர் ஆப்பை நிறுவச் சொன்னது, அனுமதி கேட்டது. கேட்டதற்கெல்லாம் சரி என்று தட்டினேன். பத்திரிகை மட்டும் திறக்கவில்லை.

சிறிது நேரத்தில் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா கூப்பிட்டார். முடிச்சூரில் இட்லிக் கடை வைத்திருப்பவர்.

"டீச்சர், பேரண்ட்ஸ் குரூப்ல நீங்க கல்யாணப் பத்திரிகை எதுனா போட்டீங்களா?"

"இல்லையே. எனக்குத்தான் ஒண்ணு வந்துது."

"நெனச்சேன். நீங்க போட்டா 'அன்பான பெற்றோர்களே'ன்னு எழுதாம போட மாட்டீங்க. இது மொட்டையா கீது. எங்க தெருவுல ஒருத்தர் இதைத் தொறந்து, அவர் நம்பர்லேர்ந்து தானா எல்லாருக்கும் போயி, பேங்க் பணமும் போயி பேஜாராப் போச்சு. மொதல்ல போனை ஆஃப் பண்ணுங்க. யாரும் தொறக்க வேணாம்னு நான் குரூப்ல சொல்லிக்கிறேன்."

அணைத்துவிட்டேன். என் வங்கிக் கணக்கைவிட வேறொன்றுதான் பெரிய கவலையாக இருந்தது. உதவித்தொகை விண்ணப்பத்துக்காகப் பெற்றோர்கள் அனுப்பிய ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ் படங்கள், வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருடையதும், அந்த போனில்தான் இருந்தன. வேலை முடிந்ததும் அழித்திருக்க வேண்டும். சோம்பல்.

தாம்பரம் மார்க்கெட் அருகே செல்போன் பழுது பார்க்கும் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் சிம்மைக் கழற்றிவிட்டு போனை ஆராய்ந்தார்.

"அக்கா, இது கான்டாக்ட்ஸும் மெசேஜும்தான் வாங்கிகீது. ஓடிபி வந்தா படிக்கிறதுக்கு. போட்டோவுக்கு அனுமதி கேக்கவேயில்ல."

"நிஜமாவா?"

"நீங்களே பாருங்க."

மூன்று தடவை பார்த்தேன். அப்புறம்தான் ஸ்டூலில் உட்கார முடிந்தது. அவருடைய போனிலிருந்தே வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கினேன். எதுவும் போகவில்லை என்றார்கள். சைபர் குற்றப் பிரிவிலும் புகார் பதிந்தேன்.

"முழுசா அழிச்சாத்தான் சுத்தமாவும். போட்டோ எல்லாம் போயிடும், பரவாயில்லையா?" என்றார் கடைக்காரர்.

"போகட்டும்" என்றேன். சான்றிதழ் படங்களோடு என் கொடைக்கானல் சுற்றுலாப் படங்களும் சேர்ந்து போயின. துளியும் வருத்தமில்லை.

சாயங்காலம் வாட்ஸப்பை மறுபடி நிறுவி குரூப்பைத் திறந்தால், இட்லிக் கடை அம்மாவின் குரல் பதிவுக்குக் கீழே வரிசையாகப் பதில்கள். யாரும் திறக்கவில்லை. ஒரே ஒரு அப்பா மட்டும் நிறுவப் பார்த்திருக்கிறார். போனில் இடமில்லை என்று வந்ததாம். "வீடியோவா சேத்து வச்சிருக்கேன்னு வூட்ல தெனம் திட்டுவாங்க டீச்சர்" என்று எழுதியிருந்தார். அன்று முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தேன்.