மொட்டைத் தலையும் வேலைநீக்க வழக்கும்

தொழிலாளர் வழக்கு நடத்துகிற வக்கீலைத் தேடி, வேலை இருக்கும்போது ஒருத்தரும் வருவதில்லை. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகாக்களுக்கு இது தெரியும். திருத்தணியில் முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன். வழக்குகள் பல மறந்துபோயின. முனிரத்தினத்தின் வழக்கு மட்டும் மறக்கவில்லை.

சமரசம்

முனிரத்தினம் அம்மையார்குப்பத்துக்காரர், நூல் மில் தொழிலாளி. மில் வாசலில் நடந்த தகராறில் சூப்பர்வைசரைப் பிடித்துத் தள்ளினார் என்று சொல்லி வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள். தான் தொடவே இல்லை என்றார் அவர். நான் தொழிலுக்குப் புதுசு. சமரசமாகப் போய்விடலாமே என்றேன். மனுஷர் அசையவில்லை.

"ரவுடின்னு எழுதி அனுப்பிட்டாங்க சார். நாளைக்கு எம் பொண்ணப் பார்க்க வர்றவன் அத்ததானே கேப்பான்? அந்தப் பேர அழிச்சுக் குடுங்க, போதும்."

வாய்தா

சென்னை கோர்ட்டுக்கு இருவரும் மின்சார ரயிலில் போவோம். மணவூர் தாண்டியதும் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குப் பாதி தருவார். இப்போது என் ஜூனியர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே ஆஜராகிவிடுகிறார்கள். சௌகரியம்தான், ஆனாலும் அந்தப் பயணங்களுக்கு மனசு ஏங்கத்தான் செய்கிறது. ஒருநாள் போய்ச் சேர்ந்தால் நீதிபதி விடுப்பு, வழக்கு வாய்தா. முனிரத்தினம் நிதானமாகச் சொன்னார்:

"ஜட்ஜய்யா லீவு போட்டா வாய்தா. நாம போட்டா மெமோவா சார்?"

அடையாளம்

தள்ளியதை நேரில் பார்த்ததாகச் சொன்ன மில் காவலாளியை விசாரிக்கும் நாள். முனிரத்தினமும் துணைக்கு வந்த நாலு பேரும் முந்தின நாளே மலையேறி, வழக்கு ஜெயிக்க வேண்டிக்கொண்டு மொட்டை போட்டு, தலையில் சந்தனத்தோடு வந்து நின்றார்கள். கோர்ட்டை ஏமாற்றச் செய்த வேலை என்று நீதிபதி நினைத்துவிடுவாரே என்று பயந்தேன். "வாய்தா முடிஞ்சு போட்டிருக்கக் கூடாதா?" என்று கடிந்துகொண்டேன்.

தள்ளியவரைக் காட்டச் சொன்னார் நீதிபதி. காவலாளி ஐந்து தலைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முனிரத்தினத்தின் மச்சானைக் காட்டினார். முடி இருந்திருந்தால் மட்டும் சரியாகக் காட்டியிருப்பாரா என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, நான் மணவூர்ல டீக்கடை வெச்சிகினு இருக்கேங்க. அந்த மில்லு கிழக்கால இருக்குதா மேற்கால இருக்குதான்னே தெரியாதுங்க."

பெண் பார்க்கும் நாள்

குற்றம் நிரூபணமாகவில்லை, மீண்டும் வேலை தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வந்த வாரமே முனிரத்தினம் என்னை வீட்டுக்கு அழைத்தார். விருந்து என்று நினைத்துப் போனேன். உள்ளே மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். தீர்ப்பு நகலை என் கையில் கொடுத்து, அவர்களுக்குத் தமிழில் சொல்லச் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்ற அவர் மகள், "நைனா, உக்காரு நைனா" என்று மெல்லச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. நான் பக்கம் பக்கமாகப் படித்துச் சொல்லிக்கொண்டே போனேன். எட்டாம் பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா கையை உயர்த்தினார்.

"போதும் சார். பொண்ணக் கூப்பிடுங்க."

முப்பது வருஷத்தில் நான் வாங்கிய தீர்ப்புகளில், எதிர்த்தரப்பு அப்பீல் போகாமல் அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.