அண்ணாச்சி துண்டும் என் பொன்னாடையும்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

நான் ஒன்றும் சாதித்துவிடவில்லை. தென்காசியில் எங்கள் வாக்கர்ஸ் சங்கத்துக்கு ஆண்டு விழா. தினமும் நடக்கிறவர்கள் வருஷத்தில் ஒருநாளாவது உட்கார வேண்டாமா? அதற்காகக் குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்திருந்தார்கள். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் என்பதால் என்னையும் மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

சிறப்பு விருந்தினர், சென்னையிலிருந்து வந்த இதய டாக்டர். வரும் வழியில் ஐந்தருவியைப் பார்த்துவிட்டார். சாரல் காலத்தில், அருவி கொட்டிக்கொண்டிருக்கும்போது எந்த மனிதன் நேரத்துக்கு மேடைக்கு வருவான்?

அவர் வரும்வரை கூட்டம் கலையக் கூடாது. சங்கச் செயலாளர் மகாராஜன் கையில் இருந்த ஒரே ஆயுதம் பொன்னாடை. தலைவருக்கு ஒன்று. எனக்கு ஒன்று. மண்டபத்துக்காரருக்கு ஒன்று. அப்புறமும் டாக்டரைக் காணோம்... மைக் செட்காரருக்கு ஒன்று. அவர் ஒரு கையில் ஒயரைப் பிடித்தபடியே குனிந்து வாங்கிக்கொண்டார்.

ஒருவழியாக டாக்டர் வந்தார். மாற்றுச் சட்டை காரில் இருந்திருக்கிறது. துவட்டத் துணி இல்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மேடையேறினார்.

மகாராஜன் பையைத் துழாவினார். பொன்னாடை தீர்ந்திருந்தது. அவர் பார்வை மெதுவாக என் பக்கம் திரும்பியது. நான் என்னுடையதை மடித்து மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டேன். வந்த மரியாதையை யாராவது விடுவார்களா?

முன்வரிசையில் சண்முகவேல் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருக்காரர். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கிறார். அவர் தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். கடையநல்லூர் தறியில் நெய்தது, வெள்ளையில் பச்சைக் கரை. கரை வெளியே தெரிகிற மாதிரி நீளவாக்கில் மடித்து இடது தோளில் போட்டால் போதும் – கூட்டத்தில் பெரிய மனுஷன் யார் என்று ஒருவரும் கேட்க வேண்டாம். அதே துண்டு மார்க்கெட்டில் வேர்வை துடைக்கும். வெயிலில் தலைப்பாகை. சாமி முன்னால் இடுப்புக்கு இறங்கும். மதியம் விரித்தால் படுக்கை. முனையில் முடிச்சுப் போட்டால் அதுவே பர்ஸ்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே மகாராஜன் அதை உருவிவிட்டார்.

துண்டு டாக்டர் தோளில் ஏறியது. அவர் அதை விரித்து, மேடையிலேயே தலை துவட்ட ஆரம்பித்தார். காது, பிடரி எல்லாம். பிறகு மைக்கில் சொன்னார்: "எத்தனையோ மேடையில போர்த்தியிருக்காங்க. உபயோகமான ஒண்ணு கிடைச்சது இங்கதான்."

பலத்த கைதட்டல். தன் திட்டமே அதுதான் என்பதுபோல் மகாராஜன் தலையாட்டினார்.

அண்ணாச்சி மட்டும் கைதட்டவில்லை. வெறும் தோளைத் தடவிப் பார்த்தார். பிறகு மேடையோரம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, துண்டு முனையில கடைச் சாவிய முடிஞ்சு வச்சிருக்கேன். சாயங்காலம் கேரளாவுக்கு லோடு ஏத்தணும். லாரிக்காரன் வந்து நிப்பான்."

"கேட்டு வாங்கிர வேண்டியதுதான அண்ணாச்சி?"

"போத்துன மரியாதைய எப்படித் தம்பி திருப்பிக் கேக்க? நம்ம ஊருக்குல்லா அசிங்கம்."

மகாராஜனிடம் சொன்னேன். "விழா முடியட்டும் சார், பாத்துக்கிடுவோம்" என்றார். விழா முடிந்தால் டாக்டரின் கார் நேரே சென்னைக்குப் போய்விடும். டாக்டரோ கொலஸ்ட்ரால் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அண்ணாச்சி முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சு முடிந்து டாக்டர் நகர்ந்ததும் அண்ணாச்சி விறுவிறுவென்று மேடையேறிவிட்டார்.

"ஐயா, துண்டு உங்களுக்குத்தான். நீங்களே வச்சுக்கிடுங்க. முடிச்ச மட்டும் அவுத்துத் தாங்க. உள்ள கடைச் சாவி இருக்கு."

மைக் ஆனில் இருந்தது. மண்டபமே சிரித்தது.

ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. டாக்டர் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார். சாவியைக் கொடுக்கும்போது போட்டோகிராபர், "சார், இங்கன பாருங்க" என்றார். ஆளுக்கொரு பக்கம் சாவியைப் பிடித்தபடி இருவரும் சிரித்தார்கள். சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் படம் வந்திருக்கிறது – யாருக்கோ இலவச வீடு வழங்கிய மாதிரி.

துண்டை டாக்டர் ஆசையாகவே எடுத்துக்கொண்டார். அண்ணாச்சி போடுகிற மாதிரி பச்சைக் கரை தெரிய மடித்து, தோளில் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

வெளியே சாரல் வலுத்திருந்தது. அண்ணாச்சி மண்டப வாசலில், சட்டை போட்டிருந்தும் போடாதவர் மாதிரிக் கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றார். மனசு கேட்கவில்லை. என் பொன்னாடையை நீட்டினேன். மயில்நீலம். ஓரமெல்லாம் ஜரிகை. வாங்கி முகத்தைத் துடைத்தார். இந்தக் கன்னத்துத் தண்ணீர் அந்தக் கன்னத்துக்குப் போனது.

"என்ன தம்பி, ஒரு சொட்டு இழுக்க மாட்டேங்கு?"

"அது தொடைக்க இல்ல அண்ணாச்சி, மரியாதைக்கு."

"அப்ப எந்துண்டுக்கு மரியாதை இல்லாமலா இருந்திச்சு?"

யோசித்தால், மேடைக்கென்று நாம் செய்து வைத்திருப்பவை பெரும்பாலும் இந்த ஜாதிதான். மினுமினுப்புக்குக் குறைவில்லை... ஈரம்தான் ஒட்டாது.

தென்காசி பஸ் வந்தது. சீசன் கூட்டம். இடம் பிடிக்க எல்லா ஜன்னல்களிலும் துண்டுகள் பறந்தன. பழக்கதோஷத்தில் அண்ணாச்சியும் தோளில் கிடந்த பொன்னாடையை உருவி ஒரு ஜன்னலுக்குள் வீசினார்.

முண்டியடித்து ஏறிப் பார்த்தால், அந்த சீட்டில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பொன்னாடை அவர் மடியில், நாலாக மடித்து அழகாக இருந்தது.

"ஒங்களுதா அண்ணாச்சி? வழுக்கிக் கீழ விழுந்து கெடந்திச்சு. யாரும் மிதிச்சிரக் கூடாதேன்னு எடுத்து வச்சேன்" என்று இரண்டு கைகளாலும் நீட்டினார்.

மரியாதை பத்திரமாகத் திரும்பி வந்தது. தென்காசிவரை நின்றுகொண்டே வந்தோம்.