படித்துறை மருதமரத்துக் காளான்

மரக்காளானுக்குப் பெயர் வைப்பது என் தொழில். அந்தத் தொழிலுக்கு எங்கள் தெரு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

கல்யாணப் பந்தியில் "என்ன படிக்கே?" என்ற கேள்விக்கு முழி பிதுங்கிய சகோதர சகோதரிகளே, நீங்களாவது கேளுங்கள். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்தது பெலினஸ் என்ற காளான் பேரினம். குடைக் காளான் இல்லை. மரத்தின் பக்கவாட்டில் தட்டு மாதிரியோ குளம்பு மாதிரியோ ஒட்டி வளரும். துருப்பிடித்த இரும்பின் நிறம். அடியில் மடிப்புகளுக்குப் பதிலாகப் பொடிப்பொடித் துளைகள். வருஷாவருஷம் கீழே ஒரு அடுக்கு கூடும். அறுத்து, உள்சதையில் ஒரு சொட்டு பொட்டாஷ் காரக் கரைசல் விட்டால் கன்னங்கரேலென்று கறுத்துவிடும். கறுத்தால் எங்கள் பிள்ளை, கறுக்காவிட்டால் வேறு வீட்டுப் பிள்ளை.

நாலு விசில்

பறித்த காளானுக்குள் வண்டுப்புழு இருக்கும். அது சாக, சில நாள் உறைய வைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்து உறைபெட்டி ரிப்பேர். அதனால் மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டு பிரிட்ஜில், பெருநாள் கறிக்குப் பக்கத்தில் வைத்தேன். பொட்டலத்தின் மேல் 'காளான்' என்று பெரிதாக எழுதியது என் புத்திசாலித்தனம்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் பாதி மசாலா வாசம், பாதி மரப்பட்டறை வாசம். உம்மா குக்கரைத் திறந்துவைத்து, உள்ளே கரண்டியால் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கரண்டியை ஓங்கினாள்.

"ஏளா, காளான்னு எழுதிட்டு உள்ள கதவு நிலையவா வெட்டி வச்சிருக்கே? நாலு விசிலுக்கும் அசையலையே!"

பாகப்பிரிவினை

ஒரு காலத்தில் பெலினஸ் பெரிய கூட்டுக்குடும்பம். கெட்டியாக, பழுப்பாக, பல வருஷம் மரத்தில் உட்கார்ந்திருப்பதெல்லாம் அதற்குள் அடக்கம். பிறகு மரபணுவைப் பார்க்கத் தொடங்கியவர்கள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். நான் ஒரு காளான் பெட்டிக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டி முடிப்பதற்குள் அது வேறு பேரினத்துக்குக் குடிபோயிருக்கும். கிழித்து ஒட்டுவதே என் பொழுதாகிவிட்டது.

ஒருநாள் சாப்பிடும்போது வாப்பாவிடம் புலம்பினேன். டவுணில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வாப்பா, அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரித்த அனுபவஸ்தர். சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு ரொம்ப அக்கறையாகக் கேட்டார்.

"எங்க கடையப் பிரிச்சப்ப ஆளுக்கு ஒரு அலமாரியாவது கெடச்சுது. இதைப் பிரிக்கவனுக்கு என்னளா கெடைக்கும்?"

சிவந்த துளி

கடைசி வருஷம். வழிகாட்டிப் பேராசிரியர் என் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, "புதுசா ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். புதிதாக ஒன்று கிடைக்காவிட்டால் இத்தனை வருஷமும் வீண். காளான் தேடி ஆற்றங்கரை ஆற்றங்கரையாக அலைந்தேன்.

கல்லிடைக்குறிச்சி படித்துறையில், ஆளில்லாத உச்சிவெயிலில், ஒரு மருதமரத்தில் கண்டேன். தோள் உயரத்தில் ஒன்றே ஒன்று. ஓரம் மஞ்சள் பூத்த இளங்காளான். முற்றாமல் அறுத்தால் வித்து கிடைக்காது. அதனால் அறுக்காமல், செய்யக்கூடாத காரியமாக, மேலேயே ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கறுக்கவில்லை. குங்குமமாய்ச் சிவந்தது! யா அல்லாஹ், சிவக்கிற பெலினஸை யார் கண்டது? படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பஸ் வருவதற்குள் பொருநை ஆற்றின் பெயரைச் சேர்த்து அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. ஊருக்குத் திரும்பியதும் உம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பேராசிரியர் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மொதல்ல அதை அறுத்துப் பாரும்மா, பேரு பெறவு வைக்கலாம்."

காலைக் குளியல்

மறுநாள் விடிந்ததும் கத்தியோடு போனேன். இந்தத் தடவை படித்துறையில் பெண்கள் கூட்டம். என் காளானின் மேல் ஒரு சோப்பு டப்பா, பக்கத்தில் ஒரு மஞ்சள் கிழங்கு. குளித்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி கிழங்கை எடுத்தாள், கல்லில் உரசினாள், முகத்தில் பூசினாள், ஈரத்தோடு மறுபடி காளான் மேலேயே வைத்தாள். தினமும் அதுதான் அவளுக்கு அலமாரி போலிருக்கிறது.

மஞ்சளில் சுண்ணாம்பு மாதிரி எந்தக் காரம் பட்டாலும் சிவக்கும். சிவக்கவைத்துத்தானே ஆரத்தி எடுக்கிறார்கள்? பக்கத்து வீட்டு ராஜி அக்கா கல்யாணத்தில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் ஆரத்தித் தட்டில் கலக்கியதே நான்தான்! இருந்தாலும் நப்பாசை விடவில்லை. ஓரத்தில் ஒரு துண்டை அறுத்து உள்சதையில் சொட்டு விட்டேன். நொடியில் கறுத்துவிட்டது. ஊரெல்லாம் கிடக்கிற சாதாரண பெலினஸ். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கவும் முடியவில்லை. அந்த அக்கா பதறிப்போய் ஈரச்சேலையோடு ஓடிவந்தாள். என்னைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், காளானைப் பார்த்தாள்.

"ஏம்மா அழுவுத? மிச்சத்தையும் வெட்டிராத தாயி, சோப்பு வைக்க இங்கன வேற இடமில்ல."

புதிதாக ஒன்றும் இல்லாத அந்த ஆய்வேட்டுக்கும் எப்படியோ பட்டம் கொடுத்துவிட்டார்கள் என்றாலும், மருதமரத்துக் காளானின் பெட்டிச் சீட்டில் 'பயன்' என்ற இடத்தில் 'சோப்பு வைக்கலாம்' என்று எழுத மட்டும் எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.